போர்டு ஆடாமல் இருக்க: சால்டரிங் கேள்வி-பதில்

சால்டரிங் பழக வருகிறவர்கள் வழக்கமாக அயர்ன் எத்தனை வாட்டில் வாங்குவது என்றுதான் கேட்பார்கள். இந்த முறை பலரும் சர்க்யூட் போர்டை (பிசிபி) எதில் பிடித்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் சந்தோஷம். ஒரு கையில் அயர்ன், மறு கையில் லெட், அதாவது உருக்கி ஒட்டுகிற சால்டர் கம்பி. போர்டைப் பிடிக்கக் கை இல்லை. நல்ல அயர்ன் வைத்திருந்தும் இணைப்பு சரியாக வரவில்லை என்று காட்டுகிறவர்களின் மேசையில் நான் அடிக்கடி பார்ப்பது, ஆடுகிற போர்டைத்தான்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போகிறேன் சார். இரண்டு க்ரோக்கடைல் கிளிப்பும் பூதக்கண்ணாடியும் உள்ள ஹெல்ப்பிங் ஹேண்ட் வாங்கவா, இரண்டு ஓரத்திலும் பிடிக்கிற பிசிபி ஹோல்டர் வாங்கவா? (கல்லூரி மாணவர்)

அதிகம் செய்யப்போவது போர்டு வேலை என்றால் ஹோல்டர். வயரோடு வயர் சேர்ப்பது, ஸ்பீக்கர் வயர், பேட்டரி முனை என்றால் ஹெல்ப்பிங் ஹேண்ட். கிளிப் வைத்த கை வயருக்கு நன்றாக ஒத்துழைக்கும். போர்டை அதில் மாட்டினால், அயர்னை வைத்து அழுத்தும்போது போர்டு மெல்லக் கீழே சாயும். திருப்பிப் போட வேண்டுமென்றால் இரண்டு மூன்று காதுத் திருகைத் தளர்த்தி, மறுபடி இறுக்க வேண்டும். ஹோல்டரில் போர்டின் ஓரம் பள்ளத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும். சாதாரண போர்டின் தடிமன் 1.6 மி.மீ.தான், பெரும்பாலான ஹோல்டர்களில் அது உட்காரும். ஒரு பக்கத் தாடை ஸ்பிரிங்கில் இருந்தால் போர்டை மாட்டுவது, எடுப்பது எல்லாம் நொடி வேலை.

சரி, ஆடினால் என்ன ஆகிவிடும்? லெட் உருகி பின்னைச் சுற்றிப் பாதரசம் போலப் பளபளவென்று நிற்கும். அயர்னை எடுத்த பிறகு ஓரிரு நொடி உற்றுப் பாருங்கள். அந்தப் பளபளப்பின் மேல் மெல்லிய திரை விழுந்தது போல ஒரு மாற்றம் ஓடும். உறைகிற கணம் அதுதான். 63/37 லெட் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) 183 டிகிரியில் ஒரேயடியாக உறைந்துவிடும். 60/40 லெட் சுமார் 190 டிகிரியிலிருந்து 183 வரை கூழ் போல இருந்து உறையும். அந்தக் கூழ் நிலையில் பின் துளி அசைந்தாலும் மேற்பரப்பு சர்க்கரைப் பொடி தூவியது போலச் சொரசொரப்பாகும், உள்ளே விரிசல் விழும். மெக்கானிக்குகள் 'ட்ரை சால்டர்' என்று சொல்வதில் இதுவும் ஒரு வகை. இன்றைக்கு வேலை செய்யும், தட்டினால் நிற்கும், மறுபடி தட்டினால் வரும். (ஈயமில்லாத லெட் நன்றாக உறைந்தாலும் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.)

ஆகவே கடையில் விலையைக் கேட்பதற்கு முன்பு உங்கள் போர்டு ஒன்றைக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். அயர்ன் படும் இடத்தில் விரலால் அழுத்துங்கள். சாய்ந்தாலோ, அடிப்பாகம் மேசையில் நகர்ந்தாலோ வேண்டாம். அடி கனமாக இருக்கட்டும். தாடை எவ்வளவு அகலம் விரிகிறது என்றும் பாருங்கள், பெரிய டாட் போர்டு (வரிசையாகத் துளை போட்ட பொதுப் போர்டு) உள்ளே போகாமல் போய்விடும்.

கிளிப்பின் பல் பட்டு வயர் உறையில் பள்ளம் விழுகிறது. என்ன செய்ய?

தாடை இரண்டின் மேலும் தனித்தனியாக ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூட்டில் சுருங்கும் குழாய்) போட்டுச் சூடு காட்டுங்கள். பல் மூடிக்கொள்ளும், பிடியும் நழுவாது.

இன்னொரு விஷயம். கிளிப்பை இணைப்புக்கு ஒட்டிப் போடாதீர்கள். இரும்புக் கிளிப் சூட்டை உறிஞ்சிவிடும், லெட் உருகத் தாமதமாகும், நீங்கள் அயர்னை இன்னும் அழுத்துவீர்கள். இரண்டு சென்டிமீட்டராவது தள்ளிப் போடுங்கள். பழைய ரேடியோ மெக்கானிக்குகள் இதே குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்தினார்கள். ஜெர்மேனியம் டயோடும் டிரான்சிஸ்டரும் சூடு தாங்காது. அதனால் பொருளுக்கும் இணைப்புக்கும் நடுவே காலில் ஒரு கிளிப்பையோ மூக்குக் குறட்டையோ பிடித்துக்கொண்டு சால்டர் செய்வார்கள். சூடு உடம்புக்கு ஏறாமல் அதிலேயே நின்றுவிடும். பழைய ரேடியோ பழுது பார்க்கிறவர்களுக்கு இன்றும் இது தேவை.

அப்பாவின் பட்டறை வைஸ் வீட்டில் இருக்கிறது. அதிலேயே போர்டைப் பிடிக்கலாமா அண்ணா?

பிடிக்கலாம் தம்பி, ஆனால் இறுக்கக் கூடாது. தாடைக்கு உள்பக்கம் இரண்டு ரப்பர் பட்டையோ கார்க்கோ ஒட்டிக்கொள். விரலால் தொட்டால் போர்டு நகரவில்லை என்கிற அளவு போதும், அதற்கு மேல் கைப்பிடியைத் தொடாதே.

காரணம் இருக்கிறது. இரண்டு பக்கமும் நெருக்கினால் போர்டு கண்ணுக்குத் தெரியாமல் வில் போல வளையும். எஸ்எம்டி (போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டும் வகை) செராமிக் கெப்பாசிட்டர் பீங்கான் அடுக்கு, அது வளையாது, விரிசல் விடும். வெளியே எந்த அடையாளமும் இருக்காது. ஒரு பவர் சப்ளை போர்டை நான் இப்படித்தான் வைஸில் இறுக்கிப் பிடித்து வேலை செய்தேன். ஒரு மாதம் ஓடியது. பிறகு ஓரத்தில் இருந்த கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகி, விரல் வைக்க முடியாத சூடு. கழற்றி லென்ஸில் பார்த்தபோது அடிப்பக்கம் முடி போல ஒரு கோடு. அதற்குப் பிறகு என் மேசையில் போர்டுக்கு ஸ்பிரிங் தாடைதான்.

பூதக்கண்ணாடி உதவுமா?

வேலை செய்யும்போது பெரிதாக உதவாது. அதில் பார்க்க முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டும், லெட்டுக்குள் இருக்கும் ரோசின் பிசினின் புகை நேராக மூக்கில் ஏறும். வேலை முடிந்து இணைப்பைச் சோதிக்க மட்டும் பயன்படுத்துங்கள். ஜன்னலோரம் வைத்தால் மூடி வையுங்கள், வெயில் குவிந்து மேசையில் இருக்கும் காகிதம் பற்றிக்கொள்ளும்.

பெர்க் பின் (வரிசையாகப் பின்கள் உள்ள பட்டை) எப்போது வைத்தாலும் கோணலாக நிற்கிறது.

அதற்குத் தனிக் கருவி வேண்டாம், பழைய பிரெட்போர்டு (சால்டர் இல்லாமல் செருகிப் பார்க்கும் துளைப் பலகை) போதும். பின்னுக்கும் துளைக்கும் இடைவெளி ஒன்றுதான், 2.54 மி.மீ. பின்னின் நீளப் பக்கத்தைப் பிரெட்போர்டில் குத்துங்கள், மேலே போர்டைக் கவிழ்த்து வையுங்கள். முதலில் ஒரு மூலைப் பின், அப்புறம் எதிர் மூலை. தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் பாருங்கள். கோணலாக இருந்தால் அந்த ஒரு பின்னை மட்டும் உருக்கிச் சரிசெய்யலாம். எல்லாவற்றையும் போட்ட பிறகு பார்த்தால் ஒன்றும் செய்ய முடியாது. பின்னுக்கு இரண்டு மூன்று நொடிக்கு மேல் அயர்ன் வேண்டாம், பிரெட்போர்டின் பிளாஸ்டிக் இளகும்.

காந்தக் காலுள்ள வளையும் கை நல்லதா?

இரும்புத் தகட்டின் மேல் எங்கே வேண்டுமானாலும் நகர்த்தி வைக்கலாம், வினோத வடிவப் போர்டுக்கு அருமை. மலிவான ரெசிஸ்டர் கால்கள் பலவற்றில் உள்ளே இரும்புதான். வெட்டிய துண்டுகள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு, அப்படியே அடுத்த போர்டின் அடியில் போய் ஷார்ட் செய்யும். அவ்வப்போது துடைத்துவிடுங்கள். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் வலுவிழக்கும், அயர்ன் படாமல் பாருங்கள். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் இந்த வகையே வேண்டாம்.

இப்போதைக்குச் செலவு செய்ய முடியாது. வேறு வழி?

மூக்குக் குறட்டின் கைப்பிடியில் ரப்பர் பேண்டைச் சுற்றினால் தாடை தானாக மூடிக்கொள்ளும். ஜாக், ஸ்விட்ச் மாதிரி சின்னப் பொருளுக்கு அது ஒரு வைஸ். போர்டில் பொருள்களைச் செருகி மாஸ்கிங் டேப் ஒட்டிக் கவிழ்த்தால் எதுவும் விழாது. குள்ளமானவற்றை முதலில் போடுங்கள்: ரெசிஸ்டர், அப்புறம் ஐசி பேஸ் (ஐசியைச் செருகும் சாக்கெட்), கடைசியில் பெரிய கெப்பாசிட்டர். போர்டுக்கு அடியில் தெர்மோகோல் மட்டும் வேண்டாம். சூடு பட்டால் உருகும், ஐசிக்கு ஆகாத நிலைமின்சாரமும் அதில் சேரும்.

இரண்டு கையும் போதாமல் லெட்டைப் பல்லில் கடித்துக்கொள்கிறேன். தவறா?

இன்றோடு நிறுத்துங்கள். 60/40 என்றால் 40 பங்கு ஈயம், அது உடம்பில் தங்கிச் சேரும் விஷம். சுருளிலிருந்து பத்து சென்டிமீட்டர் லெட்டை நீட்டி, சுருளையே கனமான எதன் அடியிலாவது வைத்துவிடுங்கள். வயரை லெட்டிடம் கொண்டுபோகலாம். இன்னும் எளிது, இரண்டு முனைக்கும் தனித்தனியாக முதலில் லெட் பூசிவிடுவது. பிறகு ஒன்றோடொன்று வைத்து அயர்னால் தொட்டாலே உருகிச் சேரும், மூன்றாவது கை தேவையே இல்லை. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

3.5 மி.மீ. ஜாக்கில் வயர் வைக்கும்போது உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இளகி முனை நகர்ந்துவிடுகிறது.

அதற்குப் பொருந்தும் பெண் சாக்கெட் ஒன்றை மரக்கட்டையில் திருகி வைத்துக்கொண்டு, ஜாக்கை அதில் செருகியபடி சால்டர் செய்யுங்கள். பிளாஸ்டிக் இளகினாலும் முனைகள் இடம் மாறாது. நன்றாக ஆறிய பிறகு உருவுங்கள். எக்ஸ்எல்ஆர், ஆர்சிஏ போன்ற மற்ற ஆடியோ பிளக் எல்லாவற்றுக்கும் இதே கட்டையில் ஒவ்வொரு சாக்கெட் சேர்த்துக்கொண்டே போகலாம்.