வீக்கம் ஏன் அப்படியே இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

உங்கள் அம்மாவின் மூளை ரத்தக்குழாய் வீக்கம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். என் அக்காவுக்கும் கண்ணுக்குப் பின்னால் பெரிய அனியூரிசம், ரத்தக்குழாய்ச் சுவர் பலூன் மாதிரி உப்பிய அதே வீக்கம். உங்கள் அம்மாவுக்குப் போல 'காயில்' என்கிற உலோகச் சுருளை உள்ளே வைப்பார்கள் என்று நினைத்தோம். ஸ்டென்ட் மாதிரி ஒரு வலைக்குழாயை மட்டும் வைத்து அனுப்பிவிட்டார்கள். கேட்டால், "வீக்கம் இப்போது அப்படியேதான் இருக்கும், ஆறு மாதம் கழித்து ஆஞ்சியோ எடுத்துப் பார்க்கலாம்" என்கிறார்கள். இவ்வளவு செலவழித்தும் பாதி வேலைதான் நடந்ததா? அக்கா தூங்கவே பயப்படுகிறாள்.

ரா.

அன்புள்ள ரா.,

பாதி வேலை இல்லை. அந்த வைத்தியமே அப்படித்தான். அக்காவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அம்மாவுக்கு இருந்தது குடம் மாதிரி, வயிறு பெருத்து வாய் குறுகியது. தொடை வழியாகக் குழாய் செலுத்தி, பிளாட்டினச் சுருள்களால் அதை நிரப்பினார்கள். இத்தாலிய மருத்துவர் குயிடோ குக்லியெல்மி 1990இல் கலிபோர்னியாவில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்த முறை இது. சுருள் சரியாக உட்கார்ந்ததும் மெல்லிய மின்சாரம் செலுத்தி, தள்ளும் கம்பியிலிருந்து அதைக் கழற்றுவார்கள். உட்காராவிட்டால் திரும்ப இழுத்துக்கொள்ளலாம். அந்த யோசனையை நினைத்தால் இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது.

ஆனால் வாய் அகலமாக, 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் சுருள் உள்ளே நிற்காமல் ரத்தக்குழாய்க்குள் சரியலாம். பெரிய வீக்கத்தில் அடைத்த சுருள் நாளடைவில் அமுங்கி, மறுபடி வழி திறப்பதும் உண்டு. அதற்காக வந்ததுதான் அக்காவுக்கு வைத்திருக்கும் ஃப்ளோ டைவர்ட்டர். இதய ஸ்டென்ட் அடைப்பைத் திறக்கும். இது நெருக்கமாகப் பின்னிய வலை, ரத்தத்தை நேர்வழியில் போக விட்டு, வீக்கத்துக்குள் பாய்வதைத் தளர்த்தும். உள்ளே தேங்கிய ரத்தம் உறையும். வலையின் மேல் ரத்தக்குழாயின் உட்தோல் மெல்லப் படர்ந்து வாயை மூடும். அக்காவின் உடம்பே கட்டுகிற சுவர், அதற்கு நாள் ஆகும்.

2011இல் அமெரிக்கா இந்த வகையில் பைப்லைன் என்ற கருவியை அனுமதித்தது. அதற்கான ஆய்வில் ஆறு மாதத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று வீக்கங்கள் மூடியிருந்தன. ஐந்தாம் ஆண்டில் பரிசோதித்தவற்றில் 95 சதவீதம். நூற்றில் ஐந்தாறு பேருக்குப் பெரிய பக்கவாதமோ மரணமோ நேர்ந்ததையும் மறைக்க மாட்டேன்.

அதனால்தான் மாத்திரை விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பு. ரத்தம் உறையாமல் தடுக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெல் போன்ற இன்னொன்றும் கொடுத்திருப்பார்கள். தானாக நிறுத்தினால் வலையிலேயே ரத்தம் உறையலாம். பல் பிடுங்கப் போனால்கூட முதலில் வலை வைத்த டாக்டரைக் கேளுங்கள். திடீரென்று மண்டை வெடிக்கிற மாதிரி தலைவலி, பார்வைக் குறைவு, இமை சரிவது, கைகால் தளர்வது என்று எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம் அந்தத் தூக்கம். அம்மா முதல் மாதம் விளக்கை அணைக்கவே விடவில்லை. நான் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நாளைக்கு அக்கா பக்கத்திலும் யாராவது படுங்கள். ஆறாம் மாத ஆஞ்சியோ முடிந்ததும் எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.