பரண் மேல் இருக்கும் டிவி

வணக்கம் அண்ணா,

தர்மபுரியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய டிவி பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து கூடுகிறவர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கிறது. அப்பா 1983-இல் வாங்கியது. கறுப்பு வெள்ளை, மரப்பெட்டி, இழுத்து மூடும் ஷட்டர். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. தூசி தட்டும்போது அவர் தபாலாபீசில் பணம் கட்டிய லைசென்ஸ் புத்தகமும் கிடைத்தது. ஐந்தாவது படிக்கும் என் மகள் "இது என்னம்மா, பீரோவா?" என்று கேட்கிறாள். தம்பி காயலான் கடையில் போடு என்கிறான். தெரிந்த கடைக்காரர் ஒருவர், உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு எல்இடி பொருத்தித் தருகிறேன் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. ஆனால் சரி செய்தாலும் அதில் என்ன தெரியப் போகிறது? தெருவே ஒன்றாக உட்கார்ந்து டிவி பார்த்த அந்தக் காலமும் அந்த ஒற்றுமையும் திரும்பி வருமா?

வாசகி, காவேரிப்பட்டணம்

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் ஒன்று. ஆர்வத்தில் பிளக்கைச் சொருகிவிடாதீர்கள்.

பல வருஷம் கரண்டே பார்க்காத பெட்டியில் நம்ப முடியாதது கண்டென்சர், கரண்டைத் தேக்கி வைக்கும் சின்ன டப்பா. அதற்குள் அலுமினியத் தகட்டின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று இருக்கும். அதுதான் காப்பு. சும்மா கிடந்தால் அந்தப் படலம் நைந்துபோகும். திடீரென்று 230 வோல்ட் உள்ளே போனால் கண்டென்சர் சூடாகி வெடிக்கலாம். இங்கே கூடுகிறவர்களில் முப்பது வருஷம் டிவி பழுது பார்த்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். எந்தப் பெட்டி வந்தாலும் அவர் முதலில் எடுப்பது ஒரு பலகையும் 100 வாட் குண்டு பல்பும்தான். சீரீஸ் போர்டு என்பார்கள். கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் பெட்டிக்குள் போகும். பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கினால் பிழைக்கும் என்று அர்த்தம். அந்தப் பல்பு மங்குகிறதா என்று பத்துப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இன்னொன்று. அந்தக் காலப் பெட்டிகள் பலவற்றில், வீட்டு லைனிலிருந்து பெட்டியைப் பிரித்து வைக்கும் டிரான்ஸ்பார்மர் கிடையாது. லைனின் ஒரு முனை நேராகச் சேசிஸில், அதாவது உள்ளே எல்லாவற்றையும் தாங்கும் உலோகச் சட்டத்தில் இருக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சேசிஸே ஷாக் அடிக்கும். பிக்சர் டியூபுக்குப் போவதோ பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல். அணைத்த பிறகும் டியூப் அதை வெகு நேரம்கூடத் தேக்கி வைத்திருக்கலாம். அதனால் பின் மூடியை நீங்கள் கழற்ற வேண்டாம். கரப்பான் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கக்கூட வேண்டாம். இருக்கும்.

அந்த எல்இடி கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அது அவர் பிழைப்பு. ஆனால் டியூபை வெளியே எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது உங்கள் மகள் சொன்ன பீரோதான். கண்டென்சர் புதிதாகக் கிடைக்கும். டிரை சோல்டரை, அதாவது விட்டுப்போன பற்றவைப்பை, அரை மணி நேரத்தில் தேடிப் பிடித்து ஒட்டிவிடலாம். பிக்சர் டியூபைப் புதிதாகச் செய்ய இனி ஆளில்லை. அமெரிக்காவில் ஒகையோ மாகாணத்தின் ஹில்லியார்டில் ஆரம்ப கால டிவிகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் வருஷா வருஷம் அங்கே கூடுகிறார்கள். 1954-இல் ஆர்சிஏ கம்பெனி 1000 டாலருக்கு விற்ற 15 அங்குலக் கலர் டிவியை வைத்திருப்பவர்களுக்கு அங்கே ஒரே கவலை, டியூபுக்குள் காற்று புகுந்துவிடக் கூடாது என்பது. புகுந்தால் கதை முடிந்தது. இன்னொரு நோயும் உண்டு. டியூபின் முகத்தில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடிக்கும் டியூபுக்கும் நடுவே உள்ள பசை கெட்டு, பூஞ்சை பூத்த மாதிரி வட்ட வட்டமாக வெளுத்துவிடும். அவர்களும் அதற்குக் கண்புரை என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

உங்கள் டிவியின் டியூப் கழுத்து உடைந்திருந்தால் மட்டும் எல்இடி பொருத்துவதைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் நானாக இருந்தால் உடைந்ததை அப்படியே வைத்திருப்பேன். காயலான் கடை வேண்டவே வேண்டாம். அங்கே செம்புக்காக, டியூபின் கழுத்தில் சுற்றியிருக்கும் யோக் என்ற கம்பிச் சுருளைக் கழற்றிக்கொண்டு டியூபை உடைத்துப் போடுவார்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது.

சரி, என்ன தெரியும் என்று கேட்டீர்கள். ஆண்டெனாவைக் கூரையில் ஏற்றிப் பயனில்லை. தூர்தர்ஷனின் பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. நம் பக்கத்து ஆட்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கேபிள் டிவி அனலாக்கில் ஓடியபோது ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு மாடுலேட்டர், படத்தையும் ஒலியையும் டிவியின் ஒரு சேனல் நம்பரில் ஏற்றி அனுப்பும் பெட்டி, வைத்திருந்தார்கள் அல்லவா? எல்லாம் டிஜிட்டலுக்கு மாறியதும் அவை கட்டுக்கட்டாக மூலையில் கிடந்தன. அரூரிலிருந்து வரும் ஆசிரியர் ஒருவர் போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் அப்படி ஒன்றைப் பிடித்தார். சந்தையைப் பார்த்துவிட்டு மதியம்தான் கூட்டத்துக்கு வந்து சேருவார், மாதா மாதம் இதே கதைதான். செட்டாப் பாக்ஸின் வயரை மாடுலேட்டரில் கொடுத்து, அதிலிருந்து டிவியின் ஆண்டெனா முனைக்குக் கொண்டு போனால், சேனல் குமிழை டக் டக்கென்று திருப்ப நாலாம் நம்பரில் இன்றைய செய்தி கறுப்பு வெள்ளையில் வருகிறது. கீழே ஓடும் எழுத்துகள் பாதி வெட்டுப்படும். யாரும் குறை சொல்வதில்லை.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. இதற்குத்தான் நான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

தெருவே ஒன்றாக உட்கார்ந்து பார்த்தது என்கிறீர்கள். எந்தத் தெரு? நான் வளர்ந்தது பர்கூர்ப் பக்கம். 1981-இல் பெங்களூருவில் தூர்தர்ஷன் தொடங்கியது. எங்கள் ஊரில் முதல் டிவி வாங்கிய பெரிய வீட்டில் உயரமான பைப்பில் ஆண்டெனா கட்டிப் பெங்களூருப் பக்கம் திருப்பி வைத்தார்கள். புள்ளிப் புள்ளியாகக் கன்னடம் தெரிந்தது. எங்களுக்குப் பாதி புரியும், மீதியை ஊகித்துக்கொள்வோம். அந்த வீட்டுக் கூடத்தில் அவர்கள் சொந்தக்காரர்கள். திண்ணையில் ஊர்க்காரர்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் வெளியே, ஜன்னல் கம்பியைத் தொடாமல் நிற்க வேண்டும். ஷட்டரை இழுத்து மூடும் சத்தம் இருக்கிறதே, உங்களுக்கு அது அப்பாவின் ஞாபகம். எனக்கு அது "போங்கடா" என்று ஒருவர் வாயைத் திறந்து சொல்லாமலே சொன்னது.

1984 நவம்பர் 3 அன்று இந்திரா காந்தியின் இறுதி ஊர்வலத்தை ஒளிபரப்பினார்கள். அன்றைக்கு மட்டும் டிவியை வெளியே எடுத்து வந்து திண்ணையில் வைத்தார்கள். எங்கள் ஆயா முதன்முதலாக டிவி பார்த்தது அன்றுதான். கூட்டத்தின் கடைசியில் நின்று அழுதது. மறுநாள் டிவி உள்ளே போய்விட்டது, நாங்கள் ஜன்னலுக்குப் போய்விட்டோம். இது உங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னதல்ல. அவர் எல்லோரையும் உள்ளே உட்கார வைத்தவராகவே இருக்கலாம். ஆனால் 'அந்தக் காலம்' என்று பொதுவாகச் சொல்லும்போது ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களின் தலைகளையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

போன மாதக் கூட்டத்துக்கு ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்திருந்தான். பைக்கின் பின்னால் கயிறு கட்டி அவன் கொண்டு வந்தது, 2006-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கொடுத்த 14 அங்குலக் கலர் டிவி. இரண்டு பேர் சிரித்தார்கள். சாலிடேர், டயனோரா என்று அந்தக் காலக் கம்பெனி டிவிகள் இருக்கிற மேசையில் இதெல்லாம் ஒரு பழம்பொருளா என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் அம்மாவின் தெருவில் வீட்டுக்கு வீடு டிவி வந்தது அந்தத் திட்டத்தில்தான். அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் வீட்டில், தன் கையால் சேனல் மாற்றிப் பார்த்த முதல் டிவி அது. அதற்கு மரப்பெட்டி இல்லை, ஷட்டர் இல்லை. பிளாஸ்டிக் மஞ்சள் பூத்துவிட்டது. மெக்கானிக் அண்ணன் எதுவும் பேசவில்லை. சாலிடேரை ஓரமாக நகர்த்திவிட்டு அதை மேசை நடுவில் வைத்து, பின்பக்கத்தை மோந்து பார்த்து, "ஈஎச்டி போயிருக்குப்பா" என்றார். பிக்சர் டியூபுக்கு உயர் வோல்ட் கொடுக்கும் அந்த டிரான்ஸ்பார்மரை மாற்றினார்கள். ஓடியது.

உங்கள் பெட்டியைக் கொண்டு வாருங்கள். மினி ஆட்டோவில் ஏற்றும்போது டியூபின் முகம் மெத்தையில் படும்படி கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். லைசென்ஸ் புத்தகத்தைப் பத்திரமாகப் பெட்டியோடே வைத்திருங்கள். எண்பதுகளின் நடுவில் அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள், அதனால் உங்களிடம் இருப்பது கடைசிப் புத்தகங்களில் ஒன்று.

மகளையும் கட்டாயம் கூட்டி வாருங்கள். நம் ஊர் டிவியில் ஒரு நொடிக்கு 25 படம், ஒரு படத்துக்கு 625 கோடு. பெருக்கினால் 15,625. நொடிக்கு அத்தனை அதிர்வில் உள்ளே அந்த ஈஎச்டி டிரான்ஸ்பார்மர் கீச்சென்று கத்தும். எங்களுக்கெல்லாம் ஐம்பது தாண்டிவிட்டது, அந்தச் சத்தம் காதில் விழுவதில்லை. படம் வரும் முன்பே கோடு போடும் பகுதி ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள, மெக்கானிக் அண்ணன் ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கும் குழந்தைகளைத்தான் கேட்பார்: "பாப்பா, கத்துதா?"