இரண்டு நிறங்களுக்கு நடுவே வெள்ளைக் கோடு வராமல் இருக்க: கேள்வி பதில்

கேள்வி: மெஜந்தா (ரோஜாச் சிவப்பு) பின்னணியில் சையான் (வெளிர்நீல) வட்டம். அச்சில் வட்டத்தின் ஒரு ஓரத்தில் பிறை மாதிரி வெள்ளை தெரிகிறது. மிஷின்காரர் தவறுதானே?

பதில்: எதிர் ஓரத்தைப் பாருங்கள், அங்கே கருநீலமாக ஒரு கீற்று இருக்கும். ஒரு பிளேட் (ஒவ்வொரு மைக்கும் தனியாக உள்ள அச்சுத் தகடு) தலைமுடி அளவு நகர்ந்திருக்கிறது. ஓடும் மிஷினில் இது சகஜம். மிஷின்காரரைக் குறை சொல்வதைவிட, நகர்ந்தாலும் தெரியாதபடி ஃபைலைத் தயார் செய்வது நல்லது. இரண்டு நிறமும் ஓரத்தில் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க வேண்டும். அதுதான் டிராப்பிங்.

கேள்வி: எதை எதன்மேல் ஏற்றுவது? எவ்வளவு?

பதில்: வெளிர் நிறத்தை அடர் நிறத்துக்குள் ஏற்றுங்கள். நீலத்தில் மஞ்சள் நட்சத்திரம் என்றால் நட்சத்திரம் விரியும். மஞ்சளில் நீல நட்சத்திரம் என்றால் பின்னணி உள்ளே வரும். கண் உருவத்தைப் பிடிப்பது அடர் நிறத்தின் விளிம்பில்தான், அது அசையக் கூடாது. நல்ல ஆஃப்செட்டுக்கு 0.25 பாயிண்ட், அதாவது 0.09 மி.மீ. அளவு போதும். ஃபிளெக்ஸோவுக்கு (வளையும் பிளேட்டில் அச்சிடும் முறை) அதைவிடக் கூடுதல், துணியில் ஸ்கிரீன் பிரிண்ட் என்றால் 1 பாயிண்டோ அதற்கு மேலோகூட ஆகலாம். இல்லஸ்ட்ரேட்டரில் கையால் செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்ட்ரோக் (உருவத்தின் ஓரக்கோடு) விளிம்புக்கு இருபுறமும் பாதிப் பாதியாக விழும். 0.25 ஏற வேண்டுமானால் 0.5 ஸ்ட்ரோக் கொடுத்து, அதற்கு ஓவர்பிரிண்ட் (அடியில் உள்ள நிறத்தை வெட்டாமல் அதன்மேலேயே அச்சிடுவது) போட வேண்டும்.

கேள்வி: சிவப்புக்குப் பக்கத்தில் ஆரஞ்சு. இதற்கும் வேண்டுமா?

பதில்: வேண்டாம். இரண்டிலும் மஞ்சளும் மெஜந்தாவும் தாராளமாக இருக்கின்றன. விலகினாலும் வெள்ளை எட்டிப் பார்க்காது. நிறத்தேர்விலேயே இப்படிப் பொது மை வைத்துவிட்டால் பாதித் தலைவலி இல்லை.

கேள்வி: நிறப் பின்னணியில் சின்னக் கறுப்பு எழுத்து?

பதில்: 100 சதவீத கறுப்பு மட்டும், ஓவர்பிரிண்ட். இன்டிசைனின் பிளாக் ஸ்வாட்ச் இயல்பாகவே அப்படித்தான் போகும். நான்கு மையும் கலந்த கறுப்பில் சின்ன எழுத்து வைத்தால் ஓரமெல்லாம் நிழல் தட்டும். ஆனால் பெரிய கறுப்புப் பட்டை பாதி படத்தின்மேலும் பாதி வெறும் தாளிலும் விழுந்தால், ஓவர்பிரிண்டில் கறுப்பு இரண்டு விதமாகத் தெரியும். அங்கே நாக்அவுட்தான், அதாவது அடியில் உள்ள நிறத்தை வெட்டி எடுத்துவிடுவது. வெள்ளை எழுத்துக்குத் தப்பித்தவறி ஓவர்பிரிண்ட் போட்டால், சரி, எழுத்தே காணாமல் போகும்!

கேள்வி: தாளின் முன்முனை சரியாக இருக்கிறது, வால்பக்க மூலைகளில் மட்டும் விலகுகிறது. டிராப்பை இரட்டிப்பாக்கலாமா?

பதில்: வேண்டாம், அது தாளின் வேலை. கிரிப்பர் (மிஷினில் தாளைப் பிடித்து இழுக்கும் கொக்கி) பிடிக்கும் முனை நிற்க, வால் விரிகிறது. தாள் ஈரத்தைக் குடித்தால் நாரின் குறுக்கேதான் அதிகம் விரியும். அதனால் நார் சிலிண்டரின் நீளவாக்கில் இருக்கும்படி தாளை வெட்டுங்கள். சுற்றுவாக்கில் வரும் விரிவை மிஷினில் ஓரளவு சரிக்கட்டலாம். பண்டலை மிஷின் அறையிலேயே, உறை பிரிக்காமல், அறையின் சூட்டுக்கு வரும்வரை வைத்திருங்கள். அப்புறமும் விலகினால் பிளேட்டை நனைக்கும் ஃபவுன்டன் தண்ணீரைக் குறைத்துப் பாருங்கள்.

கேள்வி: பிடிஎஃப் அனுப்பும்போது டிராப்பிங் நானே செய்யட்டுமா?

பதில்: முதலில் அச்சகத்தில் கேளுங்கள். பல இடங்களில், ஃபைலைப் பிளேட்டுக்கான புள்ளிகளாக மாற்றும் ரிப் மென்பொருளே செய்துவிடும். நீங்களும் செய்து அதுவும் செய்தால் எழுத்தெல்லாம் கொழுத்துவிடும். அவர்கள் செய்வதாகச் சொன்னால், அக்ரோபாட்டின் அவுட்புட் பிரிவியூவில் ஒவ்வொரு பிளேட்டாக அணைத்துப் பார்த்து, ஓவர்பிரிண்ட் மட்டும் சரிபார்த்து அனுப்புங்கள்.