வாக்களிக்கும் முன் அந்தப் பக்கங்களை வாசியுங்கள்

அன்புள்ள தங்கைக்கு,

ரொறன்ரோவில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் பி.எஸ்.டபிள்யூ. (தனிநபர் பராமரிப்பு ஊழியர்) வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன என்றும், சங்கமும் நிருவாகமும் பேசி எட்டிய புதிய ஒப்பந்தத்துக்கு வாக்களிக்கும்படி தொழிற்சங்கத்திடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். சங்கப் படிவத்தில் இன்னும் கையெழுத்திடாத நீங்கள் வாக்களிக்கலாமா, எதிர்த்து வாக்களித்தால் வேலை போய்விடுமா, எல்லோரும் ‘வேண்டாம்’ என்றால் வேலைநிறுத்தத்தில் தெருவில் நிற்க வேண்டி வருமா என்று கேட்டிருந்தீர்கள். இதே வேலையில் எனக்குப் பதினெட்டு ஆண்டுகள் போய்விட்டன. இரண்டு முறை சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழுவிலும் இருந்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாக்களிக்கலாம், கட்டாயம் வாக்களியுங்கள். ஒன்ராறியோ மாகாணத்தின் 1995ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் சட்டத்தின்படி, சங்கத்தில் சேர்ந்திருந்தாலும் சேராவிட்டாலும், அந்த ஒப்பந்தத்துக்கு உட்பட்ட ஊழியர் ஒவ்வொருவருக்கும் வாக்கு உண்டு. வாக்கெடுப்பு இரகசியமாகத்தான் நடக்க வேண்டும். யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது மேலாளருக்குத் தெரிய வழியில்லை. அதைச் சொல்லி யாரையும் மிரட்டுவதும் சட்ட விரோதம். ஆகவே வேலை பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒப்பந்தம் நிறைவேற, வாக்களித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சம்மதித்தால் போதும். இருநூறு பேர் வேலை செய்யும் இல்லத்தில் அறுபது பேர் மட்டுமே வாக்களித்தால், முப்பத்தொரு பேர் மற்ற அனைவருக்காகவும் முடிவெடுத்துவிடுவார்கள். இரவு நேரத்தில் வேலை செய்பவர்களும் பகுதிநேரக்காரர்களும்தான் பெரும்பாலும் வாக்களிக்காமல் விடுகிறார்கள். ஒப்பந்தத்தில் அதிகம் அடிபடுகிறவர்களும் அவர்களேதான். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் வேகும்.

சம்பளத்தில் கழிக்கப்படும் சங்கச் சந்தாவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1945இல் வின்ட்சரில் நடந்த ஃபோர்டு தொழிற்சாலை வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1946இல் நீதிபதி ஐவன் ரான்ட் ஒரு தீர்ப்புச் சொன்னார். ஒப்பந்தத்தின் பலன் எல்லோருக்கும் கிடைக்கிறது, ஆகவே உறுப்பினர் அல்லாதவரும் சந்தா செலுத்த வேண்டும் என்பதே அதன் சாரம். உங்கள் சம்பளத்தில் கழிக்கப்படுவது அந்த வழியில் வந்த சந்தாதான். ஆண்டு வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக் காட்ட மறந்துவிடாதீர்கள்.

இனி வேலைநிறுத்தம். உங்கள் இல்லத்தில் அது நடக்காது. மருத்துவமனைகளிலும் முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும் வேலை செய்வோர் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது, நிருவாகமும் கதவடைப்புச் செய்யக் கூடாது என்று 1965இலிருந்தே ஒன்ராறியோவில் தனிச்சட்டம் இருக்கிறது. வீடு வீடாகச் சென்று பராமரிக்கும் நிறுவனங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே இரண்டாவது வேலை எடுத்தால் கதை வேறு. உங்கள் இல்லத்தில் பேச்சுவார்த்தை முறிந்தால் முதலில் அரசின் சமரச அலுவலர் வருவார். அவராலும் முடியாவிட்டால் விடயம் நடுவர் குழுவுக்குப் போகும். சங்கம் ஒருவரை நியமிக்கும், நிருவாகம் ஒருவரை நியமிக்கும், தலைவராக ஒரு நடுவர் அமர்வார். அவர்கள் எழுதும் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். அதுவரை பழைய ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் அப்படியே தொடரும்.

‘வேண்டாம்’ என்று வாக்களிப்பதன் பொருளைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டிய இடம் இதுதான். எதிர்த்து வாக்களித்தால் குழு மீண்டும் மேசைக்குப் போகலாம். நிருவாகம் அசையாவிட்டால் நடுவரிடம் போகும். நடுவர் தீர்ப்பு வந்த பிறகு உங்களிடம் யாரும் வாக்குக் கேட்க மாட்டார்கள், அதுவே ஒப்பந்தமாகிவிடும். அதோடு, சங்கக் குழு ஒருமனதாகப் பரிந்துரைத்த தற்காலிக உடன்பாட்டை (இரு தரப்பும் மேசையில் ஒத்துக்கொண்டு, உங்கள் வாக்குக்கு வரும் வரைவை) ஊழியர்கள் நிராகரித்துவிட்டு வந்தால், நடுவர்கள் பெரும்பாலும் அந்த உடன்பாட்டையே அளவுகோலாக எடுத்துக்கொள்வார்கள். இரு தரப்பும் தாமாகவே எட்டிய முடிவு அதுதானே என்பது அவர்கள் வாதம். நிராகரித்தால் அதிகம் கிடைக்கும் என்ற உறுதி ஏதும் இல்லை. அதற்காக எப்போதும் ‘ஆம்’ போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. குழு பரிந்துரைக்கிறதா, ஒருமனதாகவா, பிளவுபட்டா என்பதைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். குழுவில் இருந்தபோது அப்படிக் கேட்டவர்களை நான் மதித்தேன். கேட்காமல் போய்ப் பிறகு வாகனத் தரிப்பிடத்தில் புலம்பியவர்களுக்கு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். என் முதல் வாக்கெடுப்பு மதிய உணவு அறையில் நடந்தது. சம்பள உயர்வையும், அது முன்தேதியிட்டுச் சேர்ந்த நிலுவைப் பணத்தையும் பெரிய எழுத்தில் பலகையில் எழுதியிருந்தார்கள். பிள்ளைக்குக் குளிர்காலச் சப்பாத்து வாங்கலாம் என்ற சந்தோஷத்தில் ‘ஆம்’ என்று போட்டுவிட்டேன். ஒன்பதாவது பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: வேலை நேர அட்டவணையை நான்கு வாரங்களுக்கு முன் ஒட்ட வேண்டும் என்பது இரண்டு வாரங்கள் என மாற்றப்பட்டிருந்தது. அடுத்த மூன்று ஆண்டுகள், மகளை யார் பள்ளியிலிருந்து கூட்டிவருவது என்று தெரியாமல் ஒவ்வொரு பதினைந்து நாளும் நான் அலைந்தேன். அந்த உயர்வு நல்லதுதான், ஆனால் அந்த வரிக்கு நான் கொடுத்த விலை அதைவிடப் பெரிது.

ஆகவே முழு உடன்பாட்டையும் கேட்டு வாங்குங்கள், சுருக்கத்தோடு நிற்காதீர்கள். பழைய ஒப்பந்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எது மாறியிருக்கிறது என்று பாருங்கள். பகுதிநேர ஊழியருக்குப் பணிமூப்பை மணிக்கணக்கில் எப்படிக் கணக்கிடுகிறார்கள்? காலியாகும் முழுநேர இடம் யாருக்கு முதலில் போகும்? வெளி முகவர் நிறுவன ஆட்களைக் கொண்டுவருவதற்கு வரம்பு இருக்கிறதா? நோய் விடுப்பு உங்களைப் போன்ற புதியவர்களுக்கு எப்போது தொடங்குகிறது? நிலுவைப் பணம் வேலையை விட்டுப்போனவர்களுக்கும் உண்டா? புதிதாக வந்தவருக்குச் சம்பள உயர்வைவிட இவைதான் நாளாந்த வாழ்க்கையை ஆட்டிப்படைக்கும்.

சம்பளத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 2019இல் மாகாண அரசு கொண்டுவந்த 124ஆம் இலக்கச் சட்டம், மருத்துவமனைகளிலும் இலாப நோக்கற்ற இல்லங்களிலும் மூன்றாண்டுக் காலத்துக்கு ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் உயர்வு கூடாது என்று கட்டிவைத்தது. மேசையில் என்ன பேசினாலும் அந்தச் சுவரைத் தாண்ட முடியவில்லை. பெருந்தொற்றுக் காலம் முழுவதும் அந்தச் சுவருக்குள்தான் வேலை செய்தோம். சங்கங்கள் நீதிமன்றம் போயின. 2022 நவம்பரில் அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பு வந்தது, 2024 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் சங்கங்கள் பக்கமே நின்றது. நம் சந்தா வீணாகிறது என்று யாராவது உங்களிடம் சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாக்களிக்கும் இணைப்பு வேலை செய்யாவிட்டாலும், கடவுச்சொல் வராவிட்டாலும், கடைசி நாள் வரை காத்திருக்காமல் உங்கள் பகுதிச் சங்கப் பிரதிநிதியிடம் சொல்லுங்கள். முகவரி மாற்றியதைச் சங்கத்துக்குத் தெரிவிக்காததால் பலர் வாக்கை இழந்ததை நான் பார்த்திருக்கிறேன். உடன்பாட்டை வாங்கியதும் அட்டவணை, பணிமூப்பு பற்றிய பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை, இருவரும் தொலைபேசியில் ஒன்றாக வாசிப்போம்.

அன்புடன்,
உங்கள் அக்கா