மாத்திரை எலும்பைத் தின்கிறதா?

கேள்வி: டாக்டர், என் தங்கை மகனுக்கு 19 வயது. பிறவியிலேயே எச்.ஐ.வி. தங்கை இப்போது இல்லை, நான்தான் வளர்க்கிறேன். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். பையனுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் சாப்பிடுகிறான். வைரஸ் தெரியாத அளவில் இருக்கிறதாம். முதுகு வலிக்காக ஈப்போவில் எலும்பு ஸ்கேன் எடுத்ததில் 'இசட் ஸ்கோர் மைனஸ் 1.6' என்று வந்தது. மாத்திரைதான் எலும்பை அரிக்கிறது, அடுத்து இருதயம்தான் என்று ஊரில் சொல்கிறார்கள். கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா? வெறும் வயிற்றில் காலை மாத்திரையோடு கால்சியமும் கொடுக்கிறேன்.
– ஒரு பெரியம்மா

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா, ஒரு நாள்கூட.

முதலில் அந்தக் கால்சியம். வெறும் வயிற்றில் சேர்த்துப் போட்டால் அது டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு, உடம்பில் சேர விடாது. இரண்டையும் சாப்பாட்டோடு போடலாம். இல்லையென்றால் டோலுடெக்ராவிரைக் கால்சியத்துக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கணக்குதான். இவ்வளவு நாள் சேர்த்துக் கொடுத்ததைக் கிளினிக்கில் சொல்லிவிடுங்கள்; வைரஸ் அளவை மறுபடி பார்ப்பார்கள்.

ஸ்கேனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இசட் ஸ்கோர் அதே வயதுக்காரர்களோடு ஒப்பிட்ட கணக்கு. மைனஸ் 2-க்குக் கீழே போனால்தான் 'வயதுக்குக் குறைவு' என்போம். எலும்பு முறிவு இல்லாமல், இந்த எண்ணை மட்டும் வைத்து இளம் வயதில் 'எலும்புத் தேய்வு' என்று முத்திரை குத்துவதில்லை. பிறவியிலேயே எச்.ஐ.வி உள்ள பிள்ளைகள் பலர் குள்ளமாக இருப்பார்கள். உயரம் குறைந்தால் ஸ்கேனும் எலும்பைக் குறைத்தே காட்டும்.

அதற்காக மாத்திரைமேல் பழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். டெனோஃபோவிர் சிலருக்கு, எலும்புக்கு வேண்டிய பாஸ்பேட் என்ற தாது உப்பைச் சிறுநீர் வழியாகக் கசிய விடும். பெரியவர்களுக்கு முதல் ஓரிரு ஆண்டுகளில் எலும்பு அடர்த்தி 2 அல்லது 3 விழுக்காடு குறைந்து, பிறகு நிலைத்துவிடும். உங்கள் பையனுக்கு எலும்பு இன்னும் வலுக்கூடிக்கொண்டிருக்கும் வயது என்பதால் கூடுதல் கவனம் தேவை. கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை), பாஸ்பேட், வைட்டமின் டி, சிறுநீர்ப் புரதம் பார்த்தார்களா என்று கேளுங்கள். சிறுநீரகத்தில் கோளாறு தெரிந்தால் மருந்தை மாற்ற வழி இருக்கிறது, ஆனால் அது கிளினிக் டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு. முதுகு வலிக்கு டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை வாங்கிப் போடுகிறானா? டெனோஃபோவிரோடு அது சிறுநீரகத்துக்கு ஆகாது. வலி விடாமல் இருந்தால் முதுகைத் தனியாகக் காட்டுங்கள்.

இருதய விஷயத்தில் ஊர் சொல்வது பாதி சரி. எலும்பிலிருந்து 'எஃப்.ஜி.எஃப்.23' என்ற ஹார்மோன் சுரக்கிறது. பாஸ்பேட்டை வெளியேற்றச் சொல்லி சிறுநீரகத்துக்கு உத்தரவு போடுவது அதுதான். சிறுநீரக நோயாளிகளிடம் இது மிகுந்தால் இருதயத் தசை தடிப்பதைப் பார்க்கிறோம். எச்.ஐ.வி உள்ள இளைஞர்களிடமும் இதை ஆராய்ந்து வருகிறார்கள். ஆனால் எலும்பு ஸ்கேனில் ஓர் எண் குறைந்ததால் இருதயம் கெடும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. இருதயத்தை உண்மையில் கெடுப்பது கட்டுப்படாத வைரஸ் உண்டாக்கும் அழற்சி. 2006-இல் வெளியான 'ஸ்மார்ட்' ஆய்வில், எச்.ஐ.வி உள்ள 5,472 பேரில் மருந்தை இடையிடையே நிறுத்தியவர்களுக்குத்தான் மரணமும் இருதய நோயும் அதிகம். நிறுத்தாதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான்.

இருதயத்துக்காகக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை போடச் சொல்லிக் காதில் விழுந்தால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். எச்.ஐ.வி உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை இருதய நோயைக் குறைக்கிறது என்று காட்டிய, 2023-இல் வந்த 'ரிப்ரீவ்' ஆய்வு 40 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பற்றியது. பையனுக்கு வேண்டியது ஆண்டுக்கொரு முறை இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனை. சிகரெட்டும் வேப்பும் எலும்பு, இருதயம் இரண்டுக்கும் பகை. ஷிப்டு நண்பர்களோடு ஊதுகிறானா என்று கேளுங்கள். திட்டிக் கேட்டால் மறைப்பான்.

இரவெல்லாம் வேலை, பகலெல்லாம் தூக்கம் என்றால், வைட்டமின் டி தரும் வெயில் எங்கே படும்? வேலை விட்டு வந்ததும் கால் மணி நேரம் வெளியே நடக்கட்டும். முள்ளோடு நெத்திலி, தௌஃபு, முருங்கைக்கீரை, தினம் ஒரு தம்ளர் பால் கொடுங்கள். தே தாரிக்கில் ஊற்றும் இனிப்புக் கிரீமரைப் பால் கணக்கில் சேர்க்காதீர்கள். 19 வயதுக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் போதும். சாப்பாட்டிலேயே அது கிடைத்தால் கால்சியம் டப்பா தேவைப்படாது.

நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, மயக்கம் வந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.