பதினைந்து பைட்டு நன்றி

அன்புள்ள சார்,

பகலில் கணக்கு மென்பொருள் வேலை. நான்கு மாதமாக இரவில் ஒரே சின்ன நிரலைத் திரும்பத் திரும்ப எழுதுகிறேன். கேள்வியை மொழி மாடலுக்கு அனுப்ப வேண்டும், பதில் வரவரத் திரையில் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், கோ என்ற மூன்று நிரல்மொழிகளிலும் எழுதிவிட்டேன், அடுத்தது ரஸ்ட். மாடலை வைத்து நிரல் எழுத உதவும் தொகுப்புகளான லாங்செயின், லாமாஇண்டெக்ஸ் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். எதில் நிலைப்பது? வேகத்துக்கு ரஸ்ட்தான் என்கிறார்களே? இன்னொன்று, தமிழில் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட்டில் நடுநடுவே கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டம் வருகிறது. பைத்தான் சில சமயம் பிழை காட்டி நின்றே விடுகிறது. கோவில் பிரச்சினை இல்லை. மாடலுக்குத் தமிழ் சரியாக வராது போல. அதனால் சோதனையெல்லாம் ஆங்கிலத்திலேயே செய்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

வேலை முடிந்து வந்து, சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து, ஒரே நிரலை மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள். அந்த வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால் கொஞ்சம் திட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேகக் கதையை விடுங்கள். மாடல் அடுத்த டோக்கனை, அதாவது பதிலின் அடுத்த சொல்துண்டை, கணக்கிட்டு முடிப்பதற்குள் பைத்தான் டீ குடித்துவிட்டு வந்துவிடும். லாங்செயினா லாமாஇண்டெக்ஸா என்பதும் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் நிரலுக்கு இரண்டுமே அதிகம்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்தக் கறுப்புக் கட்டம்தான் விஷயம். அதைப் பார்த்துவிட்டு மாடலுக்குத் தமிழ் வராது என்று எப்படி ஐயா தீர்ப்பு எழுதினீர்கள்? தமிழ் வராத மாடல் தப்புத் தப்பாக எழுதும், கட்டம் போடாது. எனக்கு நூற்றுக்குத் தொண்ணூறு சந்தேகம் உங்கள் நிரல் மேல்தான்.

‘நன்றி’ என்ற சொல்லை எடுங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து. ஸ்விஃப்ட் மொழியைக் கேட்டால் அதுவும் மூன்று என்கிறது. பைத்தானும் ஜாவாஸ்கிரிப்ட்டும் ஐந்து என்கின்றன. ந, ன, புள்ளி, ற, இகரக் கொக்கி எல்லாம் அவற்றுக்குத் தனித்தனி. கோ, ரஸ்ட் இரண்டிலும் லென், அதாவது நீளம், என்று கேட்டால் 15. அவை எண்ணுவது பைட்டுகளை. எழுத்தைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் இந்த ஐந்தும் தலைக்கு மூன்று பைட்டு. ஆங்கில எழுத்து ஒரே பைட்டு. அதை நடுவில் வெட்ட முடியாது, அதனால் உங்கள் ஆங்கிலச் சோதனை எதையும் காட்டிக்கொடுக்கவில்லை.

பதில் துண்டுதுண்டாக வருகிறது. ஒரு துண்டு ஏழாவது பைட்டோடு முடிகிறது என்று வையுங்கள். வெட்டு புள்ளியின் நடுவில் விழும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக எழுத்தாக்கினால் ஜாவாஸ்கிரிப்ட் ‘நன’ என்று காட்டி, மூன்று கறுப்புக் கட்டம் போட்டு, ‘றி’ என்று முடிக்கும். பைத்தான் இது எழுத்தே இல்லை என்று சொல்லி நின்றுவிடும். நீங்கள் குறைசொன்ன அந்தப் பைத்தான்தான் உண்மையைச் சொல்லியிருக்கிறது! கோவில் (இப்படி எழுதினாலே கும்பிடத் தோன்றுகிறது) பிரச்சினை இல்லாததற்குக் காரணம், வந்த பைட்டை அது அப்படியே திரைக்குத் தள்ளிவிடுவது. இரண்டு பாதியும் அங்கே போய் ஒட்டிக்கொள்கின்றன. ரஸ்ட் வாசலிலேயே மறித்து, இது எழுத்தாகாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்கும்.

மருந்து சின்னதுதான். ஜாவாஸ்கிரிப்ட்டின் டெக்ஸ்ட்டிகோடரிடம் ஸ்ட்ரீம் ட்ரூ என்று சொல்லுங்கள், அரைகுறை பைட்டை அடுத்த துண்டு வரும்வரை கையில் வைத்திருக்கும். பைத்தானில் அதே வேலைக்குக் கோடெக்ஸ் என்ற தொகுப்புக்குள் இன்கிரிமென்டல் டிகோடர் என்று ஒன்று இருக்கிறது.

இதில் எனக்கு இத்தனை எரிச்சல் வரக் காரணம் உண்டு. இருபது வருஷம் முன்பு ஒரு சிற்றிதழின் பழைய இதழ்களை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தேன். பழைய எழுத்துருக்களில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். என் நிரல் அதை க, கொம்பு, கால் என்று மூன்றாக மாற்றியது. விசைப்பலகையில் தட்டினால் வருவதோ க, ஒகரக் குறி என்று இரண்டு. திரையில் இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் கிடையாது. ஆசிரியர் ‘கொல்லிமலை’ என்று தேடினார். ஒன்றுமே வரவில்லை. கட்டுரையோ அவர் கண்ணெதிரே திறந்திருக்கிறது. “இதுக்குக் கண்ணு தெரியாதாப்பா?” என்றார். நான் மூன்று நாள் அந்த மென்பொருளைத் திட்டிக்கொண்டு திரிந்தேன், உங்களைப் போலவே. அப்புறம்தான் பைட்டுகளை அச்சிட்டுப் பார்க்கத் தோன்றியது. இன்றைக்கும் பைத்தானில் அந்த இரண்டு ‘கொ’வையும் சமமா என்று கேட்டுப் பாருங்கள், இல்லை என்றுதான் சொல்லும். நார்மலைஸ் செய்த பிறகே, அதாவது இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே, ஒத்துக்கொள்ளும். மாடலுக்குப் போகும்போது டோக்கன்களும் வேறாகலாம்.

எதில் நிலைப்பது என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா. சரி, பைத்தானிலேயே இருங்கள், தப்பு நடந்தால் உங்களிடம் சொல்லவாவது செய்கிறது. ரஸ்ட் ஆசையும் தீரட்டும். ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பதினைந்து பைட்டையும் ஒவ்வொன்றாக மூன்று நிரலுக்கும் ஊட்டிப் பாருங்கள். அதற்கு மாடலே வேண்டாம். என்ன வந்தது என்று எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள்.