மேலே கரி, உள்ளே பச்சை: கிரிலில் காய்கறிக்குப் பாகு எப்போது பூசுவது?

கேள்வி: ஜெர்மனியில் கொலோன் நகரில் வேலை பார்க்கிறேன், சைவம். கோடை வந்தால் அலுவலக நண்பர்கள் மாதம் ஒரு தடவையாவது கிரில் போடுகிறார்கள். இறைச்சி அவர்கள் பொறுப்பு, 'பைலாகே' என்கிற தொடுகறி ஆளுக்கொன்று கொண்டுபோக வேண்டும். போன முறை கேரட், நூல்கோல், குடைமிளகாய், சுக்கினி எல்லாவற்றையும் நறுக்கி, தேனும் கடுகு விழுதும் வினிகரும் உப்பும் கலந்து இரவு முழுக்க ஊறவைத்து எடுத்துப்போனேன். கம்பியில் போட்ட மூன்றாவது நிமிடமே கறுத்துவிட்டது, கேரட்டைக் கடித்தால் பச்சை. பயந்துபோய் மிச்சத்தை அலுமினியத் தட்டில் வைத்தேன், அது தண்ணீர் விட்டுக் குழைந்துவிட்டது. அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கே தவறினேன்?

பதில்: உங்கள் கலவையில் பெரிய தப்பு எதுவும் இல்லை, பூசிய நேரம்தான் தப்பு. பனீரைத் தயிர் மசாலாவில் ஊறப்போட்டுப் பழகிய கை, இனிப்புப் பாகையும் அப்படியே ஊறவைக்கப் பார்க்கும். பாகு ஊறுகிற சமாசாரம் இல்லை. காய் முழுதாக வெந்த பிறகு, கடைசி நாலைந்து நிமிடத்தில் மேலே பூசி மினுமினுப்பு ஏற்றுகிற வேலை அது. இதை மட்டும் மாற்றினாலே உங்கள் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும்.

ஏன் என்று கேட்டால், காயின் மேல் ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, ஈரம் வற்றியதும் கிடுகிடுவென்று ஏறும். தேனில் ஏறக்குறைய 40 சதவீதம் பழச்சர்க்கரை, அது 110 டிகிரியிலேயே நிறம் மாற ஆரம்பித்துவிடும் (வெள்ளைச் சர்க்கரை 160 வரை தாங்கும்). தணலுக்கு நேர் மேலே இருக்கும் கம்பியோ 250க்கு மேல் காய்ந்து கிடக்கிறது. விரல் தடிமன் கேரட் உள்ளே வேக கால் மணி நேரமாவது வேண்டும், தேனுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும் கரியாக. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை: புளிப்பு பட்ட காய் லேசில் வேகாது. புளி ஊற்றிய பிறகு காய் வேகாமல் அடம்பிடிப்பதை நம் வீட்டுக் குழம்பிலேயே பார்த்திருப்பீர்களே, வினிகரும் அதையேதான் செய்தது. உப்பு தன் பங்குக்குச் சுக்கினியிலிருந்து இரவெல்லாம் தண்ணீரை இழுத்துவிட்டது. ஆக, நீங்கள் கொண்டுபோனது வெளியே சர்க்கரை பூசிய, வேக மறுக்கிற கேரட்டும், சொதசொதத்த சுக்கினியும்.

சரி, நெருப்புக்கு வருவோம். அது உங்கள் கையில் இல்லை என்று தெரியும். ஜெர்மானியர் கிரில் பக்கம் நின்றால் இடுக்கியை யாருக்கும் தர மாட்டார்கள், அது ஒருவகைப் பட்டத்து உரிமை. ஆனாலும் ஒன்று கேட்கலாம், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்: கரியை ஒரு பாதியில் மட்டும் குவித்து, மறுபாதியைக் காலியாக விடச் சொல்லுங்கள். தடித்த இறைச்சித் துண்டு போடுகிறவர்கள் எப்படியும் அப்படித்தான் செய்வார்கள். குவியலுக்கு மேலே நேர்ச்சூடு, காலியான பக்கம் அனல் மட்டும். காய் வேக வேண்டியது அனலில், கோடு விழ வேண்டியது நேர்ச்சூட்டில்.

இன்னொன்று, சீக்கிரம் போடாதீர்கள். நீறு பூத்த நெருப்பு என்று நாம் பேச்சுக்குச் சொல்வோமே, இங்கே அதை அப்படியே கண்ணால் பார்க்கலாம்: கரியின் கறுப்பு மறைந்து வெளிர் சாம்பல் போர்த்தியிருக்கும், சுவாலை இருக்காது, உற்றுப் பார்த்தால் உள்ளே செக்கச்செவேலென்று தெரியும். சாதாரண மரக்கரி அந்த நிலைக்கு வர அரைமணி நேரம்போல ஆகும், அச்சுக்கரிக்கு (பிரிகெட்) இன்னும் கொஞ்சம் கூட, ஆனால் அது சீராக நெடுநேரம் நிற்கும். உள்ளங்கையைக் கம்பிக்கு மேலே, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொண்டால் அது அவர்களுடைய ஸ்டேக்குக்கான சூடு, நான்கைந்து எண்ண முடிந்தால் உங்கள் நேரம். எரிகிற கரியில் யாராவது ஸ்பிரிட் ஊற்றப் போனால் மட்டும் தள்ளி நின்றுகொள்ளுங்கள், ஒவ்வொரு கோடையிலும் அப்படித்தான் முகத்தைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

எந்தக் காய்? எல்லாக் காயும் பாகு தாங்காது. கெட்டியான, தனக்கே கொஞ்சம் இனிப்புள்ள காய்தான் சரி: கேரட், நூல்கோல், சிவப்பு வெங்காயம், இலையுதிர் காலமானால் ஹொக்கைடோ பூசணி (தோலைச் சீவ வேண்டாம், வெந்ததும் தோலோடு சாப்பிடலாம்). கத்திரிக்காய்க்குப் பூசினால் பஞ்சு மாதிரி குடித்துவிட்டு இன்னும் கேட்கும். சுக்கினிக்கு எண்ணெயும் மிளகும் போதும், உப்பை இறக்கியபின் தூவுங்கள். பச்சைத் தண்ணீர்விட்டான் தண்டும், அதாவது ஸ்பார்கலும், கிரிலுக்கு அருமையானதுதான், ஆனால் ஜூன் 24, யோவான் திருநாளோடு உள்ளூர் அறுவடையை நிறுத்திவிடுவார்கள், அதற்குப்பின் கிடைப்பது வெளியூர்ச் சரக்கு.

என்னைக் கேட்டால் நீங்கள் கையில் எடுக்க வேண்டியது ஸ்பிட்ஸ்கோல், கூம்பு வடிவ முட்டைக்கோஸ். சாதாரணக் கோஸைவிட இலை மெல்லிசு, இனிப்பு அதிகம். அடித்தண்டை வெட்டி எறிந்துவிடாமல் தண்டோடு சேர்த்து நீளவாக்கில் நான்காகப் பிளக்க வேண்டும். அந்தத் தண்டுதான் இலைகளைப் பிடித்துவைத்திருக்கும், அதை எடுத்துவிட்டால் கம்பி இடுக்கில் ஒவ்வொன்றாக விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வெட்டிய பக்கத்தை நேர்ச்சூட்டில் இரண்டிரண்டு நிமிடம் காட்டி, அப்புறம் அனல் பக்கம் நகர்த்தி மூடிவைத்தால் கால் மணியில் தண்டுவரை கத்தி இறங்கும். மூடி இல்லாத கிரிலா? ஒரு பெரிய எவர்சில்வர் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுங்கள், அதுவே மூடி. வெங்காயத்துக்கும் இதே கதைதான், வேர்ப்பக்கம் ஒட்டியிருக்கும்படி கீற்றுப்போடுங்கள்.

கேரட்டையும் நூல்கோலையும் வீட்டிலேயே முக்கால் வேக்காடு ஆக்கிக்கொண்டு போங்கள். உப்புத்தண்ணீர் நன்றாகக் கொதித்ததும், நீளவாக்கில் பிளந்த கேரட் ஐந்தாறு நிமிடம், ஒரு சென்டிமீட்டர் தடிமன் நூல்கோல் வில்லை நான்கைந்து நிமிடம். கத்திமுனை கொஞ்சம் தடுத்து அப்புறம் இறங்க வேண்டும், அதுதான் கணக்கு. வடித்து, துணியில் பரப்பி, ஈரம் போக ஆறவிட்டு, ஒரு ஸ்பூன் எண்ணெய் தடவி டப்பாவில் அடையுங்கள். எண்ணெயைத் தாராளமாக ஊற்றாதீர்கள், தணலில் சொட்டினால் தீ எழும்பி நீங்கள் பட்ட பாடெல்லாம் புகை வாசம் ஆகிவிடும்.

இப்போது பாகு. தேனை விட்டுவிட்டு ரூபன்கிரௌட் வாங்குங்கள் என்பேன். நீங்கள் இருப்பது ரைன்லாந்து, அங்கே எந்தக் கடையிலும் ஜாம் அலமாரியில் இருக்கும். சர்க்கரைக்கிழங்கை (சர்க்கரைவள்ளி அல்ல, சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு) வேகவைத்துப் பிழிந்து வற்றக் காய்ச்சிய கறுப்புப் பாகு. மூடியைத் திறந்து முகர்ந்தால் கருப்பட்டிப்பாகு ஞாபகம் வரும், கூடவே லேசாக மண்வாசம். உருளைக்கிழங்கு அடையான ரைபகூகனுக்கு இதைத் தொட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள், ஆகவே உங்கள் தட்டு அவர்களுக்கு அந்நியமாகத் தெரியாது. கூட்டத்தில் வீகன்காரர் இருந்தாலும் (இருப்பார்) பிரச்சினை இல்லை, தேன் என்றால் தொட மாட்டார்.

ஒரு கிலோ காய்க்கு ரூபன்கிரௌட் மூன்று மேசைக்கரண்டி, இங்கத்துக் கடுகு விழுதில் மிதமான காரம் உள்ளது ஒன்றரை, ஆப்பிள் வினிகர் இரண்டு, எண்ணெய் ஒன்று, கொரகொரவென்று பொடித்த மிளகு, இருந்தால் தைம் இரண்டு காம்பு. சின்னத் தீயில் மூன்று நான்கு நிமிடம் கொதிக்கவிடுங்கள். கம்பிப் பதமெல்லாம் பார்க்கக் கூடாது, அது அதிரசத்துக்கு. கரண்டியின் பின்புறத்தில் படிந்து, விரலால் இழுத்த கோடு மூடாமல் நின்றால் இறக்கிவிடலாம். ஆறினால் இன்னும் இறுகும், பழைய ஜாம் குப்பியில் ஊற்றிக்கொண்டு போய் கிரில் ஓரத்தில் வைத்தால் இளகிக்கொள்ளும். கண்ணாடியை நேராகத் தணல் மேல் வைத்துவிடாதீர்கள், வெடிக்கும்.

அங்கே போனதும் செய்வது சுலபம். காயை நேர்ச்சூட்டில் கோடு விழவைத்து, அனல் பக்கம் தள்ளி, வெந்துவிட்டது என்று கத்தியால் உறுதி செய்துகொண்ட பிறகுதான் குப்பியைத் திறக்க வேண்டும். பிரஷ்ஷால் மெல்லிசாக ஒரு பூச்சு, ஒரு நிமிடம், திருப்பி இன்னொரு பூச்சு, இன்னொரு நிமிடம், முடிந்தால் மூன்றாவது. ஒரே தடவை அப்பினால் வழிந்து தணலுக்குத்தான் போகும். ரூபன்கிரௌட்டில் ஒரு சங்கடம் உண்டு: ஆரம்பத்திலேயே கறுப்பு என்பதால் கருகியதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாது. பாகு சின்னச் சின்னக் குமிழியாகப் பொரிந்து ஒட்டிக்கொள்ளும்வரை சரி. குமிழி அடங்கி, மூக்கில் கசப்பு வாசம் ஏறினால் உடனே எடுத்துவிடுங்கள்.

அலுமினியத் தட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அதில் வைத்தால் காய் சுடப்படுவதில்லை, தன் தண்ணீரிலேயே அவிகிறது, உங்களுக்குக் குழைந்தது அதனால்தான். தவிர, உப்பும் புளிப்பும் சேர்ந்தால் அலுமினியம் கரைந்து உணவில் இறங்கும். பெர்லினில் இருக்கும் கூட்டரசின் இடர் மதிப்பீட்டு நிறுவனமும் புளிப்பு, உப்பு உள்ள உணவைப் பூச்சில்லாத அலுமினியத்தோடு சேர்க்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. நீங்கள் வினிகர், உப்பு, சூடு மூன்றையும் ஒன்றாக வைத்தீர்கள். ஓட்டை போட்ட எவர்சில்வர் கிரில் தட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், வருடக்கணக்கில் உழைக்கும்.

அந்தத் தட்டு இன்னொரு விதத்திலும் உதவும். சாஸேஜ் கொழுப்பு வழிந்த கம்பியில் உங்கள் காயைப் போட வேண்டியதில்லை. 'என் தட்டை இந்த ஓரத்தில் வைத்துக்கொள்ளட்டுமா, தனி இடுக்கி கொண்டுவந்திருக்கிறேன்' என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள், சந்தோஷமாக இடம் விடுவார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: தீ எழும்பினால் சிலர் கையிலிருக்கும் பீரை மேலே ஊற்றுவார்கள். சாம்பல் குப்பென்று கிளம்பும், பிசுபிசுவென்று பாகு பூசிய காய்தான் அதற்கு முதல் பலி. என் கேரட் ஒரு தடவை திருநீறு பூசிக்கொண்டு வந்தது. அதிலிருந்து பீர் பாட்டிலோடு யார் கிட்டே வந்தாலும் தட்டைத் தூக்கிக்கொள்கிறேன்.

பரிமாறும்போது உப்பை மேலே ஒரு சிட்டிகை தூவி, பார்ஸ்லி கிள்ளிப் போடுங்கள். பக்கத்தில் உருளைக்கிழங்கு சாலட் எப்படியும் இருக்கும், உங்கள் பக்கத்து ஊர்களில் பெரும்பாலும் மயோனைஸ் போட்டது. தெற்கே ஷ்வாபியப் பக்கம் போனால் வினிகரும் சூப்பும் ஊற்றுவார்கள், அந்தச் சூப்பு அநேகமாக மாட்டிறைச்சிச் சூப்பு, சாப்பிடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். காய் மிச்சமானால் தூக்கிப் போடாதீர்கள். மறுநாள் குளிர்ந்தபடியே நறுக்கி, வேகவைத்த முழுமசூரோடு குப்பியில் ஒட்டியிருக்கும் பாகைக் கொஞ்சம் வினிகர் விட்டு அலசி ஊற்றிக் கிளறினால் மதியச் சாப்பாடு ஆயிற்று.